கனோடெர்மா காபி, கேப்சூல், காய்ந்த துண்டு: ஒரு தென்னந்தோப்புக்காரனின் விமர்சனம்

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் கொஞ்ச காலமாக வீட்டுக்கு வீடு ஒரு காபிப் பெட்டி வந்து இறங்குகிறது. மளிகைக் கடையில் கிடைக்காது. சொந்தக்காரர் யாராவது பையில் எடுத்துக்கொண்டு வருவார். கனோடெர்மா என்ற காளானின் சாறு கலந்த காபி, சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, கேன்சர் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்பார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. கூடவே அதே காளானின் கேப்சூல் டப்பா ஒன்றும் வந்தது. இரண்டையும் வாங்கினோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காய்ந்த காளான் துண்டுகளை நானே ஆன்லைனில் வரவழைத்தேன். இந்த மூன்றையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கு பல பெயர்களில் சுற்றுகிறது. பெட்டியின் முன்பக்கத்துப் பெயரைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் நமக்கு முக்கியம்.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு உரிமையும் இருக்கிறது. கனோடெர்மாவை நான் காபிப் பெட்டியில் முதலில் பார்க்கவில்லை, தோப்பில் பார்த்தேன். தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றால் விளக்கம் தேவையில்லை. அடித்தண்டு அழுகல் என்றும் சொல்வோம். 1952-இல் தஞ்சாவூர்ப் பகுதித் தென்னந்தோப்புகளில் கண்டறியப்பட்டதால் நம் மாவட்டத்தின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதை உண்டாக்குவது கனோடெர்மா இனத்துப் பூஞ்சைதான். மரத்தின் அடியில் பட்டை வெடித்துச் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும். சாறு வடியும் இடம் மெதுவாக மேலே ஏறும். கீழ்மட்டை மஞ்சளாகி, பழுத்து, உடம்போடு ஒட்டித் தொங்கும். குரும்பை கொட்டும். தோண்டிப் பார்த்தால் வேர் அழுகிக் கிடக்கும். கடைசிக் கட்டத்தில், சில மரங்களில் அதற்கு முன்பே, அடிமரத்தில் பழுப்புத் தட்டு ஒன்று முளைக்கும். அந்தத் தட்டுதான் கனோடெர்மாவின் காளான். அது வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேலை முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்துத் தோப்புகள் என்ன ஆயின என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாய்ந்த மரத்தை அறுத்துத் தூக்கியாயிற்று. அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்க எத்தனை பேரிடம் காசு இருந்தது? அப்படியே விட்ட கட்டைகளில் இந்தப் பூஞ்சை குடியேறினால், அங்கிருந்து மண் வழியாகவும் வேர் வழியாகவும் பக்கத்து மரத்துக்குப் போகும். அதனால்தான் இதே பெயரை மருந்து என்று அச்சடித்த பெட்டியை ஒருவர் என் கையில் கொடுத்தபோது, நான் அதைச் சும்மா திருப்பிக் கொடுத்துவிடவில்லை. உட்கார்ந்து படித்தேன்.

இந்தப் பூஞ்சையை மருந்து என்று சொல்வதில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்னையில் அது நோய். ஆனால் காட்டில் அதன் உண்மையான வேலை வேறு. பட்டுப்போன, இற்றுப்போகிற வாகை, புங்கை, குல்மோகர் மாதிரி வன்மரங்களின் அடிக்கட்டையில் வளர்ந்து அந்த மரத்தை மண்ணாக்குவது. மரத்துக்கு இறுக்கம் கொடுக்கும் லிக்னின் என்ற பொருளை உடைப்பது லேசான காரியம் இல்லை. கரையானே திணறும். அதை உடைக்கிற நொதிகள் இந்த வகைப் பூஞ்சைகளிடம் இருக்கின்றன. லிக்னின் போனபின் மிஞ்சுகிற மரம் வெளுத்து, நார் நாராகி, விரலால் கிள்ளினாலே பிய்ந்து வரும். வெண்ணழுகல் என்று இதைச் சொல்வது அதனால்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் புதாற்றங்கரையில், அதாவது கல்லணைக் கால்வாய்க் கரையில், அறுபட்ட வாகைக் கட்டை ஒன்று கிடக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். முதலில் வெள்ளையாக ஒரு முண்டு கிளம்பும். அது நீண்டு, பக்கவாட்டில் விசிறியாக விரியும். வளர்கிற விளிம்பு வெள்ளை, அதற்கு உள்ளே மஞ்சள், அதற்கும் உள்ளே செம்பழுப்பு. முற்றியதும் மேல்பரப்பு புதிதாக வார்னிஷ் அடித்த ஊஞ்சல் பலகை மாதிரி மின்னும். திருப்பிப் பார்த்தால் சாதாரணக் காளானில் இருக்கிற மடிப்பு எதுவும் இருக்காது. வெள்ளைப் பரப்பில் ஊசி குத்தினாற்போல நுண்ணிய துளைகள் இருக்கும். நகத்தால் கீறினால் கீறிய இடம் பழுப்பாகும். அந்தத் துளைகளிலிருந்து கொட்டுகிற வித்துத் தூள் சுற்றியிருக்கிற புல், இலை, காளானின் சொந்த முதுகு எல்லாவற்றின் மேலும் பழுப்பாகப் படிந்திருக்கும். கையால் பிய்க்க வராது, அரிவாள் வேண்டும். காளான் என்ற பெயரே தவிர, கடித்துத் தின்கிற பொருள் இல்லை இது. கட்டை. அதனால்தான் கொதிக்க வைத்துச் சாறு எடுக்கிறார்கள்.

சீனத்தில் இதை லிங்ஷி என்றும் ஜப்பானில் ரெய்ஷி என்றும் சொல்கிறார்கள். நூற்றாண்டுகளாக மருந்தாகப் போற்றி வந்திருக்கிறார்கள். காட்டில் தேடிக் கிடைப்பது அரிதாக இருந்த காலம் போய், இப்போது மரக்கட்டையிலும் மரத்தூள் பையிலும் வளர்க்கிறார்கள். விலை அடித்தட்டு மக்களுக்கு எட்டுகிற அளவுக்கு வந்தது அந்த வளர்ப்பு முறையால்தான்.

பெயர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. அது வாங்குகிறவரையும் பாதிக்கிறது. கனோடெர்மா லூசிடம் என்ற இனம் 1781-இல் இங்கிலாந்தில் கிடைத்த காளானை வைத்து விவரிக்கப்பட்டது. பிறகு உலகத்தில் எங்கே பளபளப்பான சிவப்புத் தட்டுக் காளானைப் பார்த்தாலும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். நம் தென்னை நோய்க்கும் அந்தப் பெயர்தான் புத்தகங்களில் இருந்தது. சீனத்து மருந்துக் காளான் தனி இனம் என்று 2012-இல் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டி, கனோடெர்மா லிங்ஷி என்று பெயர் வைத்தார்கள். ஆகவே தோப்பில் முளைப்பதும் சீனத்து மருந்தும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. என்னிடம் வந்த பெட்டியில் கனோடெர்மா என்ற ஒரு சொல் மட்டும்தான். எந்த இனம், எந்த மரத்தில் வளர்த்தது, காளானா, அதன் பூஞ்சை இழையா, எதுவும் இல்லை. தென்னங்கன்று வாங்கப் போனால்கூட நெட்டையா, குட்டையா, எந்தத் தாய்மரம் என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்.

சரி, காபிக்கு வருகிறேன்.

பெட்டிக்குள் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒன்றைக் கிழித்து வெந்நீரில் கொட்டிக் கலக்கினால் பால் விட்ட காபி நிறத்தில் ஒரு பானம் தயார். பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கிறது. உணவுப் பொட்டலங்களில் எடை அதிகமான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது இந்தியச் சட்டம். இந்தப் பட்டியலில் முதலில் இருப்பது சர்க்கரை. அடுத்தது பாலுக்குப் பதில் போடும் கிரீமர். அடுத்தது இன்ஸ்டன்ட் காபித்தூள். கடைசியில் கனோடெர்மா சாறு. எத்தனை மில்லிகிராம் என்று இல்லை, எத்தனை சதவீதம் என்றும் இல்லை.

இதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் மனைவி வழியில் தங்கை முறை ஆகிறவள். நல்ல பெண். கொடுத்தது என் அம்மாவுக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்த பெட்டியில் முதல் பொருளே சர்க்கரை. இதை அவளுக்குக் காட்டினேன். “அண்ணே, இது அந்த மாதிரி சர்க்கரை இல்லையாம், மேலே கேட்டுச் சொல்றேன்” என்றாள். மேலே என்றால் அவளைச் சேர்த்துவிட்டவர். பதில் வரவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அவளே முதலீடு போட்டு மாட்டிக்கொண்டவள். பதில் சொல்லாமல் அவளை எங்கள் திண்ணைக்கு அனுப்பி வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

சுவையைச் சொல்கிறேன். இனிப்பு தூக்கல். கிரீமரின் எண்ணெய்ப் பிசுக்கு நாக்கில் தங்குகிறது. காபி வாசனை கையில் எடுக்கும்போது இருக்கிறது, வாயில் வைத்ததும் போய்விடுகிறது. கனோடெர்மாவின் அடையாளமே கசப்பு. இதில் அந்தக் கசப்பு துளிகூட இல்லை. வெறும் நீரில் எடுத்த சாறில் கசப்பு குறைவாக இருக்கலாம், எனவே கசப்பு இல்லாததை வைத்து மட்டும் சரக்கே இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அளவை எழுதாததுதான் குற்றம். அம்மா ரெண்டு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “காபின்னா காபி மாதிரி இருக்கணும். மருந்துன்னா மருந்து மாதிரி இருக்கணும். இது என்னடா?” என்றார். நல்ல பீபெர்ரி கொட்டையை வறுத்து அரைத்து, கொஞ்சம் சிக்கரி சேர்த்து, பித்தளை பில்டரில் இறக்கிய டிகாக்‌ஷனைக் குடித்தே வளர்ந்தவர்கள் இந்த டெல்டாக்காரர்கள். அவர்களிடம் இந்தப் பொட்டலத்தைக் காபி என்று நீட்டுவதே தைரியம்தான். ஒரு கோப்பைக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் விழுகிறது. இன்ஸ்டன்ட் காபியாக மதிப்பிட்டால் சுமார். மருந்தாக மதிப்பிட்டால் மதிப்பிட வழியே இல்லை, அளவு தெரியாதே.

கேப்சூல் காபியைவிடக் கொஞ்சம் நேர்மையானது. இதில் சர்க்கரை இல்லை, ஒரு கேப்சூலில் எத்தனை மில்லிகிராம் தூள் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தூள் என்றால் என்ன தூள்? கனோடெர்மாவில் மருந்துச் சரக்காகப் பேசப்படுவது இரண்டு: பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள், கனோடெரிக் அமிலங்கள் என்ற கசப்புப் பொருள்கள். முன்னது வெந்நீரில் இறங்கும். பின்னது நன்றாக இறங்க ஆல்கஹால் வேண்டும். இரண்டும் முற்றிய காளான் தட்டில் இருக்கின்றன. சில தயாரிப்பாளர்கள் தட்டு வரும்வரை காத்திருப்பதில்லை. அரிசியிலோ வேறு தானியத்திலோ பூஞ்சை இழையைப் பரவவிட்டு, தானியத்தோடு சேர்த்துக் காயவைத்து அரைத்துவிடுவார்கள். அதுவும் கனோடெர்மாதான், ஆனால் பாதி சோறு.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் செய்த சோதனைதான். ஒரு கேப்சூலைப் பிரித்துத் தூளை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் விட்டுக் கலக்கி, நன்றாக ஆறவிட்டேன். காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடம் முதலில் கறுத்தது. கிண்ணத்தைச் சுழற்றியதும் முழுவதும் கருநீலமாகிவிட்டது. பக்கத்துக் கிண்ணத்தில் காய்ந்த துண்டை நொறுக்கிப் போட்டு அதே மாதிரி செய்தேன். அது அயோடினின் செம்பழுப்பு நிறத்திலேயே நின்றது. கருநீலம் என்றால் மாவுச்சத்து. பூஞ்சைகள் மாவுச்சத்தைச் சேமித்து வைப்பதில்லை. அப்படியானால் அந்தக் கேப்சூலில் தானியமோ, வேறு மாவோ கலந்திருக்கிறது. டப்பாவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கலந்தது விஷம் இல்லை. ஆனால் காளான் விலை கொடுத்து மாவு வாங்குவதற்கு நான் தயாராக இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. அமெரிக்கக் கடைகளில் ரெய்ஷி என்று விற்கிற 19 சரக்குகளை எடுத்துச் சோதித்து 2017-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் லேபிளுக்கு ஏற்றபடி இருந்தவை 5 மட்டுமே. அவ்வளவு கட்டுப்பாடு உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், பையில் வந்து திண்ணையில் விற்கிற டப்பாவை எதை நம்பி வாங்குவது?

காய்ந்த துண்டுகள்தான் இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது. காரணம் எளிது: கண்ணால் பார்க்கலாம். என்னிடம் வந்த பொட்டலத்தில் நீளவாட்டில் மெல்லியதாக அரிந்த துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் ஒரு ஓரத்தில் செம்பழுப்பு மெருகுக் கோடு, நடுவே தக்கை மாதிரி இளம்பழுப்புச் சதை, மறு ஓரத்தில் நெருக்கமான துளைக் குழாய்கள். வாகைக் கட்டையில் பார்த்ததை அறுத்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பூச்சி இல்லை, பூசணம் இல்லை, முக்கல் வாடை இல்லை. பொட்டலத்தின் மேல் உணவு உரிமம் எண் இருந்தது, மரத்தூளில் வளர்த்தது என்றும் எழுதியிருந்தது. கன உலோகச் சோதனை பற்றித் தகவல் இல்லை. அதைக் கேட்டு எழுதினேன், சோதனைச் சான்றை அனுப்பி வைத்தார்கள். இதைக் கேட்பது அவசியம். காளான்கள் வளர்கிற இடத்திலிருந்து ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும்.

மூன்று நான்கு துண்டுகளை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டு, சிம்மில் வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட வேண்டும். அடுப்பங்கரையில் ஈர மரவாடை எழும். தண்ணீர் பாதியாகச் சுண்டும்போது தேன்பழுப்பு நிறம் வந்துவிடும். வடிகட்டிக் குடித்தால் முதலில் மண்வாசனை, பிறகு கசப்பு, அந்தக் கசப்பு நாக்கின் அடியில் வெகுநேரம் நிற்கும். நிலவேம்புக் கசாயம் குடித்துப் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது. நான் பனங்கற்கண்டு போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். போடாமல் குடிப்பதே நன்றாக இருக்கிறது. இதைக் குடித்து எனக்குத் தூக்கம் வந்தது, வலி போனது என்றெல்லாம் எழுத மாட்டேன். எனக்கு எந்த நோயும் இல்லை, ருசி பார்க்கத்தான் குடித்தேன். பொருளாகச் சொன்னால், சொன்னது வந்திருக்கிறது, கொடுத்த காசுக்குச் சரக்கு இருக்கிறது.

அம்மாவுக்கு இதையும் கொடுக்கவில்லை. அந்தக் காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த எழுத்தே அதற்காகத்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை மட்டும் இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார். தஞ்சாவூரில் அவரைப் பார்க்கிற டாக்டரிடம் கேப்சூல் டப்பாவைக் காட்டினோம். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. டப்பாவை வாங்கிப் படித்துவிட்டு, “அம்மா, ரத்தம் உறையாத மாத்திரையோட இது சேர்ந்தா ரத்தக் கசிவு வரலாம். சர்க்கரை மாத்திரையோட சேர்ந்தா சர்க்கரை திடீர்னு இறங்கலாம். உங்களுக்கு வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். பக்க விளைவே கிடையாது என்று எங்கள் திண்ணையில் சொல்லப்பட்ட பொருளுக்கு இது பதில். கனோடெர்மாத் தூள் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் வரவே வராது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நோய்க்குக் கேட்குமா? இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளைச் சேர்த்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் காளானால் பலன் உண்டா என்று 2015-இல் பார்த்தது. 5 சோதனைகள், 398 பேர். ரத்தச் சர்க்கரை குறைந்ததாகச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. கேன்சரைப் பற்றிய அவர்களுடைய 2016 அறிக்கையில் 5 சோதனைகள், 373 பேர். கீமோவோ கதிர்வீச்சோ எடுத்துக்கொள்ளும்போது கூடுதலாக இதையும் கொடுத்தவர்களிடம் சிகிச்சைக்குச் சற்று நல்ல பலன் தெரிந்தது. இதை மட்டும் கொடுத்துக் கட்டி சுருங்கியதாக எதுவும் இல்லை. சிகிச்சைக்குப் பதிலாக இதை எடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் எழுதினார்கள். ஆக, இது வெற்றுச் சரக்கு இல்லை, ஆராயத் தகுந்த பொருள். ஆனால் கல்யாண மண்டபத்தில் விற்பனைக் கூட்டம் போட்டு மைக் பிடித்துச் சொல்கிற அளவுக்கு யாரிடமும் ஆதாரம் இல்லை.

மண்டபம் என்றதும் விற்பனை முறை நினைவுக்கு வருகிறது. சர்க்கரை நோய், கேன்சர், ரத்த அழுத்தம் எல்லாம் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. வீடு வீடாக வந்து விற்கிற நேரடி விற்பனைக்கு 2021 டிசம்பரில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. விற்க வருபவர் அடையாள அட்டையோடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். ஆளுக்கு ஆள் சேர்த்து அதில் காசு பார்க்கும் பிரமிடு முறைக்குத் தடை. எங்கள் வீட்டுத் திண்ணையில் காபியைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட அடியில் ஆள் சேர்ப்பதைப் பற்றிப் பேசிய நேரம்தான் அதிகம். குறுவை அறுவடைக் காசு கையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது, அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டதுதான். காபி வேலை செய்கிறதா என்று பார்க்கிறாராம். அவர் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடி டாக்டரிடம் அனுப்பி வைத்தோம். தயவுசெய்து மாத்திரையில் கை வைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கை வைக்கிறார்களா என்று மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள்.

காபிப் பெட்டி வந்த பிறகு தோப்புக்காரர்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. “மாமா, நம்ம மரத்துல முளைக்கிறதையே காயவச்சு வித்துடலாமே?” வேண்டாம். முதல் காரணம், அது எந்தக் கனோடெர்மா என்று பார்வையால் சொல்ல முடியாது. இரண்டாவது, நோய் கண்ட மரத்துக்கு வேர் வழியாகப் பூஞ்சைக்கொல்லி கட்டியிருப்போம், அடியில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை ஊற்றியிருப்போம். அந்த மரத்தில் முளைத்ததைக் கொதிக்க வைத்துக் குடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. மூன்றாவது, வித்துத் தூள் கொட்டுகிற வரை அதை மரத்தில் விட்டுவைப்பது தோப்புக்கே ஆபத்து. கண்டதும் வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள். செத்த மரத்தை வேரோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள். நோய் மரத்தைச் சுற்றி 1 மீட்டர் ஆழம், 30 செ.மீ. அகலத்தில் குழி வெட்டிப் பிரித்து வையுங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அதோடு டிரைக்கோடெர்மா என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை. 1 சதவீத போர்டோ கலவை மரத்துக்கு 40 லிட்டர். தோப்பு முழுக்கத் தண்ணீரைப் பரவவிட்டுப் பாய்ச்சாமல் வட்டப்பாத்தியில் தனித்தனியாகப் பாய்ச்சுங்கள், ஓடுகிற தண்ணீர் நோயையும் எடுத்துக்கொண்டு ஓடும். ஊடுபயிராக வாழை வையுங்கள். சந்தேகம் இருந்தால் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். நாற்பது ரூபாய் பொட்டலத்துக்குச் செலவழிக்கிற காசில் எத்தனை மரத்துக்குப் புண்ணாக்கு வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வாங்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு என் பரிந்துரை: காபிப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். கேப்சூல் என்றால், முழுக் காளானில் இருந்து எடுத்த சாறா, பீட்டா குளூக்கான் எத்தனை சதவீதம் என்று லேபிளில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். வெறும் பாலிசாக்கரைடு என்று எழுதியிருந்தால், அது எல்லாச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் பொதுப்பெயர், அதில் மாவுச்சத்தும் அடக்கம். காய்ந்த துண்டு என்றால் மெருகு ஓரமும் துளைக் குழாயும் தெரிகிற முழுத் துண்டாக வாங்குங்கள், தூளாக வாங்காதீர்கள். எதை வாங்கினாலும், தினமும் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் காட்டாமல் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கும் இதேதான்.

துண்டுகளை வாங்கியவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் பத்தே நாளில் துளைகளுக்குள் பச்சைப் பூசணம் ஏறிவிடும். அப்படி ஏறியதைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். திறக்காத காபிப் பெட்டி வீட்டில் இருந்தால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். எங்களிடம் மீதி இருந்ததை அந்தப் பெண் திரும்ப வாங்கிக்கொண்டாள். காசை அவளுடைய கையிலிருந்து கொடுக்க வந்தாள், நாங்கள் வாங்கவில்லை. நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று நானே அவள் பெயரில் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.